மாறிய அணிகள், மாறாத தலைமை: ராமநாதபுரம் கரையிலிருந்து புலிகளின் தலைமுறைகள்

தமிழீழ விடுதலைப் புலிகளைப் பற்றி ராமநாதபுரம் கடலோரத்தில் பேச்சு எழும்போது, பேசுகிறவரின் வயதைப் பொறுத்து அந்த இயக்கமே வேறாகிவிடுவதைக் கவனிக்கலாம். தங்கச்சிமடத்திலோ பாம்பனிலோ எழுபதைக் கடந்த ஒருவர் நினைவுகூரும் ‘பொடியன்கள்’, 1980களில் டீக்கடை வாசலில் நின்று பேசிப் பழகிய இளைஞர்கள். 1991க்குப் பிறகு தொழிலுக்குப் போகத் தொடங்கியவருக்குப் புலிகள் என்றால் தமிழகக் காவல்துறையின் உளவுப் பிரிவான கியூ பிரிவு போலீஸாரின் விசாரணையும், நடுக்கடலில் எதிரே வரும் படகு யாருடையது என்று தெரியாமல் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்த இரவுகளும்தான். இன்றைய கல்லூரி மாணவர் அறிந்தது, கைப்பேசித் திரையில் சீருடையுடன் அணிவகுத்துச் செல்லும் ஒரு முழு ராணுவத்தை.

மூவர் சொல்வதும் பொய்யல்ல. 1976 மே 5 அன்று அந்தப் பெயரைச் சூடிக்கொண்டு 2009 மே வரை நீடித்த அந்த அமைப்பில், சேர்ந்த காரணத்தாலும் பெற்ற பயிற்சியாலும் போரிட்ட முறையாலும் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்ட நான்கு தலைமுறைகளாவது இருந்தன. கீழே அணிகள் இவ்வாறு மாறிக்கொண்டே வந்தபோதும், உச்சியில் முதல் தலைமுறையைச் சேர்ந்த பிரபாகரன் என்ற ஒரே மனிதர் முப்பத்து மூன்று ஆண்டுகள் கைமாற்றிக் கொடுக்காத அதிகாரத்துடன் இருந்தார். புலிகளின் போர்முறை அடிக்கடி மாறியதற்கும், அரசியல்முறை மாறாமலே நின்றுபோனதற்கும் இந்த ஏற்பாடே காரணம் என்பது என் கணிப்பு. எதிர்க்கரையில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது சற்றுத் தெளிவாகவே தெரிகிறது. ஏனெனில், அந்தந்தக் காலத்தில் இந்தக் கடலைக் கடந்து வந்தவர்கள் யார், போன பொருள்கள் எவை என்பதே அவ்வக்காலத்து இயக்கத்தின் நிலையைக் காட்டிவிடும்.

பாக் நீரிணையைக் கடக்கப் பழைய தடங்கள் இரண்டு உண்டு. வல்வெட்டித்துறையிலிருந்து வடமேற்கே வந்தால் கோடியக்கரையும் வேதாரண்யமும். தலைமன்னார், பேசாலைப் பக்கமிருந்து வந்தால் தனுஷ்கோடியும் ராமேஸ்வரமும். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை ரயிலும் கப்பலுமாகச் சென்னையையும் கொழும்பையும் இணைத்த தடம் இதுதான். சுமார் 30 கிலோமீட்டர் தூரமே உள்ள இத்தடத்தில் ஆழம் குறைவு, மணல்திட்டுகள் அதிகம். இயக்கத்துக்காரர்கள் பெரிதும் நம்பியது கோடியக்கரை வழியை. குடும்பம் குடும்பமாக ஓடிவந்த மக்களுக்கு வாய்த்தது ராமேஸ்வரம் வழி. புலிகளின் வரலாற்றில் ராமநாதபுரத்தின் பங்கைப் பேசுகிறவர்கள் இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு, எல்லாப் படகும் தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனைக்கே வந்ததாகச் சொல்லிவிடுகிறார்கள்.

முதல் தலைமுறை மிகச் சிறியது. 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம், பல்கலைக்கழக அனுமதியில் 1970களின் தொடக்கத்தில் வந்து, தமிழ் மாணவர்களிடம் கூடுதல் மதிப்பெண் கேட்ட தரப்படுத்தல், 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஆகியவற்றால் கொதித்துப்போன யாழ்ப்பாணத்து இளைஞர்களில் ஒரு சிறு பகுதியினர், தந்தை செல்வா காலத்து அறவழிப் போராட்டங்களில் நம்பிக்கை இழந்து துப்பாக்கியைத் தேடியவர்கள். 1954இல் பிறந்த பிரபாகரன் அரசு ஊழியர் ஒருவரின் மகன். ஆனால் அவர் வளர்ந்த வல்வெட்டித்துறை, தமிழ்நாட்டுக் கரையோடு கள்ளக்கடத்தல் உட்பட எல்லாவகை வணிகமும் தலைமுறைகளாகச் செய்துவந்த கடலோடிகளின் ஊர். டெலோ என்ற மற்றொரு போராளி இயக்கத்தின் தங்கத்துரையும் குட்டிமணியும் அந்த உலகத்திலிருந்தே வந்தவர்கள். நள்ளிரவில் எந்தத் துறையில் எந்தப் படகு கிடைக்கும், அக்கரையில் யார் வீட்டுக் கதவைத் தட்டலாம் என்ற அறிவு, கொள்கை நூல்களைவிட அந்தத் தலைமுறைக்கு அதிகம் உதவியது என்றால் மிகையில்லை.

முழுநேர உறுப்பினர்கள் சில பத்துப் பேரே இருந்த ஒரு குழுவுக்குக் கைகூடக்கூடிய போர்முறை ஒன்றுதான்: தனிநபர்களைக் கொல்வது, பணத்துக்காக வங்கிகளைக் கொள்ளையடிப்பது, பிறகு மறைந்துகொள்வது. 1975 ஜூலை 27 அன்று யாழ்ப்பாண மேயர் ஆல்பிரட் துரையப்பா, பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயில் வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1978 ஏப்ரலில் மன்னார் மாவட்டத்து முருங்கன் காட்டில் காவல்துறை அதிகாரி பஸ்தியாம்பிள்ளை கொல்லப்பட்டார். இலக்கானவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அரசின் கண்ணாகவும் காதாகவும் இருந்தவர்கள், அல்லது அப்படி இருந்ததாகக் குழு முடிவுகட்டியவர்கள். தன்னைச் சுற்றிய சமூகத்திலிருந்து செய்தி வெளியே கசியாமல் பார்த்துக்கொண்டால்தான் தலைமறைவுக் குழு பிழைக்கும் என்பது இதன் தர்க்கம். ஆட்களை அகற்றுவதன் மூலம் அரசியல் சிக்கலைத் தீர்க்கலாம் என்ற பழக்கம் அங்கேதான் பிடிபட்டது. சிறு குழுவின் தற்காப்பாகத் தொடங்கிய அந்தப் பழக்கத்தை, கப்பற்படையும் பீரங்கியும் வைத்திருந்த காலத்திலும் தலைமை விடவில்லை.

அந்தத் தலைமுறையின் ஒழுக்க விதிகளும் ஒரு சிறு குழுவுக்குரியவை. திருமணமும் காதலும் தடை. 1979–80இல் இயக்கத்தின் முன்னணியாளர்களில் ஒருவரான உமா மகேஸ்வரன் வெளியேற்றப்பட்டபோது, பெண் உறுப்பினர் ஒருவரோடு அவருக்கிருந்த உறவே குற்றமாகச் சொல்லப்பட்டது. அதன் பின்னால் தலைமைப் போட்டியும் கொள்கை வேறுபாடும் இருந்தன என்பது வேறு கதை. அவர் புளொட் அமைப்பைத் தொடங்கினார். 1982 மே 19 அன்று சென்னை பாண்டி பஜாரில் பிரபாகரனும் அவரும் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டு இருவரும் கைதானார்கள். ஆனால், 1984 அக்டோபரில் திருப்போரூர் முருகன் கோயிலில் பிரபாகரனே மதிவதனியைத் திருமணம் செய்துகொண்டார். விதி தளர்ந்தது. தலைவருக்கு வயது ஏறும்போது இயக்கத்தின் சட்டமும் சேர்ந்து வயதேறுவதை இதில் காணலாம். பிற்காலத்தில் பெண்களுக்கெனத் தனிப் படையணிகளே உருவாயின என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கிய சயனைட் குப்பியை எடுத்துக்கொள்வோம். 1974 ஜூனில், புலிகள் என்ற பெயரே தோன்றுவதற்கு முன்பு, பொன்னுத்துரை சிவகுமாரன் காவல்துறையிடம் பிடிபடும் நிலையில் நஞ்சு அருந்தி இறந்தார். பிடிபட்டால் சித்திரவதையில் மற்றவர்களின் பெயர்களைச் சொல்லிவிடக்கூடும் என்ற அச்சத்துக்கு ஒரு விடையாகவே முதல் தலைமுறை அதைக் கையாண்டது. ஒருவர் சாவு பத்துப் பேரைக் காப்பாற்றும் என்ற கணக்கு அது. பின்னால் சேர்ந்தவர்களுக்கு அதே குப்பி உறுப்பினர் என்பதற்கான அடையாளமாகவும், இயக்கத்தை விட்டுத் திரும்பிப் போக முடியாது என்பதற்கான உறுதியாகவும் மாறியது. பெற்றோர் கையிலிருந்து பறித்துக்கொண்டு போகப்பட்ட கடைசித் தலைமுறைப் பிள்ளைகளின் கழுத்தில் அது தொங்கியபோது, அதற்கு என்ன பொருள் இருந்திருக்கும் என்று யோசித்தால் வேதனையே மிஞ்சுகிறது.

முதல் தலைமுறையினருக்குத் தமிழ்நாடு என்பது புறக்கடை. இறந்த புலிகளை நினைவுகூரும் மாவீரர் நாளுக்குக் காரணமான சங்கர் என்ற சத்தியநாதன் யாழ்ப்பாணத்தில் சுடப்பட்டு, படகில் கடல் கடத்திக் கொண்டுவரப்பட்டு, 1982 நவம்பர் 27 அன்று மதுரையில் இறந்தார். மருத்துவமும் ஒளிவிடமும் இக்கரையில்தான் இருந்தன. அவருடைய நினைவு நாள் 1989 முதல் இயக்கத்தின் பெருநாளாக்கப்பட்டபோது, அதை அனுசரித்தவர்களில் கணிசமானோர் தமிழ்நாட்டை ஒரு நாளும் பார்த்திராதவர்கள்.

1983 ஜூலை எல்லாவற்றையும் மாற்றியது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஜூலை 23 இரவு 13 சிப்பாய்கள் கண்ணிவெடித் தாக்குதலில் கொல்லப்பட்டதும், அதையடுத்துக் கொழும்பிலும் தெற்கிலும் தமிழர்கள் வேட்டையாடப்பட்டதும், வெலிக்கடைச் சிறையில் குட்டிமணியும் தங்கத்துரையும் உட்படக் கைதிகள் கொல்லப்பட்டதும், சில பத்துப் பேரின் குழுக்களைச் சில மாதங்களில் ஆயிரக்கணக்கானோரின் இயக்கங்களாக்கின. சேர்ந்தவர்களுக்குக் கொள்கை விளக்கம் தேவைப்படவில்லை. எரிந்த வீட்டைப் பார்த்ததே போதுமானதாக இருந்தது. இந்திய உளவு அமைப்பான ரா பயிற்சிக்கு ஏற்பாடு செய்தது, தமிழகத்தில் முகாம்கள் அமைந்தன, முதலமைச்சர் எம்.ஜி.ஆர். புலிகளுக்கு வெளிப்படையாகவே ஆதரவு தந்தார். முதல் தலைமுறையினர் ஒருவரையொருவர் ஊர், வீடு, பட்டப்பெயர் சொல்லி அறிந்தவர்கள். இரண்டாம் தலைமுறையினரோ ‘எத்தனையாவது பயிற்சி அணி’ என்பதைக் கொண்டு அறியப்பட்டவர்கள்.

இதே காலத்தில்தான் மண்டபம் நிரம்பியது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களை நோய்ச் சோதனைக்காகத் தங்கவைக்க வெள்ளையர் அமைத்த அந்த முகாம், இப்போது எதிர்த்திசையில் வந்தவர்களைத் தங்கவைத்தது. 1983 ஜூலை முதல் 1987 முடிய சுமார் 1,34,000 பேர் தமிழகம் வந்ததாக அரசுக் கணக்கு. இயக்கத்தவரும் ஏதிலிகளும் ஒரே கடற்கரையில் ஒரே நேரத்தில் இருந்ததால், இந்தப் பகுதி மக்கள் இருவரையும் பிரித்துப் பார்க்கவில்லை. ஐந்து பெரிய இயக்கங்களுக்கு இடையிலான வேறுபாடும் இங்கே பலருக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இருந்ததாகவும் அவர்கள் நினைக்கவில்லை.

அந்த அவசியம் 1986இல் வந்தது. மே 6 அன்று டெலோ தலைவர் ஸ்ரீ சபாரத்தினம் புலிகளால் கொல்லப்பட்டார். அந்த அமைப்பின் உறுப்பினர்கள் நூற்றுக்கணக்கில் அழிக்கப்பட்டனர். அதே ஆண்டு இறுதியில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். என்ற இன்னோர் இயக்கத்தின் மீதும் தாக்குதல் நடந்தது. பாண்டி பஜாரில் இருவர் கைத்துப்பாக்கியால் தீர்க்கப் பார்த்த பகை, ஓர் அமைப்பையே துடைத்தெறியும் நடவடிக்கையாக வளர்ந்திருந்தது. அதைச் செய்து முடித்தவர்கள் இரண்டாம் தலைமுறையினர். அதன் மூலம் கட்டளைக்குக் கேள்வி கேளாமல் கீழ்ப்படிவதை அவர்கள் பழகிக்கொண்டார்கள் என்று சொல்லலாம். போர்க்களத்தைப் பொறுத்தவரை இத்தலைமுறையின் கருவிகள் கண்ணிவெடியும் பதுங்கித் தாக்குதலும். 1985–86இல் புலிகளின் யாழ்ப்பாணத் தளபதி கிட்டுவின் தலைமையில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ராணுவம் முகாம்களுக்குள் முடக்கப்பட்டது. மன்னாரில், அதாவது நமக்கு நேர் எதிரே, 1986 அக்டோபரில் நடந்த அடம்பன் சண்டையில் மன்னார்த் தளபதி விக்டர் இறந்தார். பெண் போராளிகள் முதன்முதலாகக் களமிறங்கிய சண்டையும் அதுவே.

1987 ஜூலை 5 அன்று நெல்லியடி பாடசாலையிலிருந்த ராணுவ முகாமுக்குள் வெடிமருந்து நிரப்பிய வாகனத்தை மில்லர் ஓட்டிச் சென்றார். கரும்புலி என்ற சொல் அதிலிருந்து தொடங்குகிறது. அதுவரை சாவு என்பது தவிர்க்க முடியாத நேரத்தில் ஏற்கப்படுவது. அன்றுமுதல் அது திட்டமிடப்படும் ஆயுதம். அந்த மாதமே 29ஆம் தேதி இந்திய–இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது.

மூன்றாம் தலைமுறையை உருவாக்கியது, அந்த ஒப்பந்தத்தின்படி வந்திறங்கிய இந்திய அமைதிப்படையுடனான போர். 1987 செப்டம்பர் 26 அன்று புலிகளின் அரசியல் பொறுப்பாளர் திலீபன் நல்லூரில் உண்ணாவிரதத்தில் உயிர்விட்டார். அக்டோபர் 5 அன்று புலித் தளபதிகள் குமரப்பாவும் புலேந்திரனும் இலங்கைப் படையினரின் காவலில் இருந்தபோது நஞ்சருந்தினார்கள். அடுத்த சில நாள்களில் போர் மூண்டது. இந்திய ராணுவத்தினரிடம் பயிற்சி பெற்ற தளபதிகள் இந்திய ராணுவத்தை எதிர்த்துப் போரிட்டார்கள். 1990 மார்ச் வரை நீடித்த அந்தப் போரில் 1,100க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் இறந்தனர்; தமிழ் மக்களில் இறந்தவர்களும் ஏராளம். மணலாற்றுக் காடுகளில் அப்போது சேர்ந்த பதினேழு, பதினெட்டு வயதினர் தமிழகத்துத் தேநீரையோ, மதுரை மருத்துவமனையையோ, எம்.ஜி.ஆரையோ அறியாதவர்கள். மூத்தவர்களுக்கு இந்தியா ஏமாற்றிவிட்ட நண்பன் என்றால், இவர்களுக்கு அது முதலிலிருந்தே எதிரி. இந்த மனவேறுபாடு பின்னால் வந்த பல முடிவுகளுக்குப் பின்னணி.

அந்த முடிவுகள் மூன்றே ஆண்டுகளில் அடுத்தடுத்து வந்தன. 1989 ஜூலையில் கொழும்பில் தமிழர் விடுதலைக் கூட்டணித் தலைவர் அமிர்தலிங்கம் கொல்லப்பட்டார். 1990 ஜூனில் சென்னை கோடம்பாக்கத்தில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவும் தோழர்களும். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி. இடையில், 1990 அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள், மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி உட்பட, சொந்த ஊர்களிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். நம் பக்கத்தில் தொண்டியும் கீழக்கரையும் பெரியபட்டினமும் மரைக்காயர்களின் ஊர்கள். எதிர்க்கரை முஸ்லிம்களோடு கொள்வினை கொடுப்பினையும் வணிகமும் கொண்டிருந்தவை. ஆயினும் ஈழ ஆதரவு மேடைகளில் இந்த வெளியேற்றம் பல ஆண்டுகள் பேசப்படவே இல்லை.

1991ஆம் ஆண்டுக் கொலையைத் தார்மீக நோக்கில் கண்டிப்பவர்கள் உண்டு, அது சரியே. ராணுவ நோக்கில் மட்டும் பார்த்தாலும் அது புலிகளின் மிகப் பெரிய பிழை. முருங்கன் காட்டில் அதிகாரி ஒருவரைக் கொன்ற சிறு குழுவுக்கு அக்கரையில் ஒளிவிடம் இருந்தது. ஸ்ரீபெரும்புதூருக்குப் பிறகு அந்த ஒளிவிடமே அழிந்தது. 1992 மே 14 அன்று இந்தியா புலிகளைத் தடை செய்தது. காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சையும், எரிபொருளும், மருந்தும் எளிதில் கிடைத்த கரை மூடப்பட்டது. ராமநாதபுரம் மாவட்டத்தில் படகு உரிமையாளர்கள் மீதும் முகாம்வாசிகள் மீதும் கண்காணிப்பு இறுகியது. 1989 ஆகஸ்டு முதல் 1991 ஏப்ரல் வரை வந்த சுமார் 1,22,000 பேரில் பலரை அரசு திருப்பி அனுப்பத் தொடங்கியது. பேசாலையிலிருந்து இரவில் கிளம்பிய படகோட்டிகள் கரைவரை வந்தால் பிடிபடுவோம் என்று அஞ்சி, அரிச்சல்முனைக்கு அப்பாலுள்ள மணல்திட்டுகளில் ஆட்களை இறக்கிவிட்டுப் போனார்கள். நிழலும் குடிநீரும் இல்லாத அந்தத் திட்டில் குழந்தைகளோடு நின்றவர்களை, பல நேரங்களில் மீன்பிடிக்கப் போன நம் ஊர்க்காரர்களே ஏற்றிவந்து கரை சேர்த்தார்கள்.

கரை மூடியதன் விளைவு விசித்திரமானது. தமிழ்நாட்டை நம்ப முடியாதென்றானதும் இயக்கம் பெருங்கடலை நம்பியது. கே.பி. என்று அறியப்பட்ட குமரன் பத்மநாதன், புலம்பெயர்ந்தோரின் பணத்தைக் கொண்டு கொள்முதல் வலையையும் சரக்குக் கப்பல்களையும் விரிவுபடுத்தினார். சூசை தலைமையில் கடற்புலிகள் தனிப் படையாக வளர்ந்தார்கள். வல்லத்தில் துடுப்பு வலித்துக் கள்ளத்தனமாகக் கடந்த வல்வெட்டித்துறை மரபு, வெடிமருந்துப் படகுகளைக் கூட்டமாக அனுப்பிக் கடற்படைக் கலத்தைச் சூழ்ந்து தாக்கும் போர்முறையாக மாறியது. 1995 ஏப்ரல் 19 அன்று திருகோணமலைத் துறைமுகத்தில் சூரயா, ரணசுரு ஆகிய இரு கலங்கள் மூழ்கடிக்கப்பட்டதோடு மூன்றாம் ஈழப்போர் தொடங்கியது.

தரையிலும் இதே மாற்றம். 1991இல் சார்ள்ஸ் அன்ரனி சிறப்புப் படையணி அமைக்கப்பட்டதிலிருந்து, இயக்கம் கெரில்லாக் குழுவாக இருப்பதை விட்டு மரபுவழி ராணுவமாக மாறத் தொடங்கியது. 1993 நவம்பரில் பூநகரி ராணுவ முகாம் தாக்கப்பட்டது. 1996 ஜூலையில் முல்லைத்தீவு முகாம். முல்லைத்தீவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். கைப்பற்றப்பட்ட 122 மி.மீ. பீரங்கிகள் இரண்டைக் கொண்டு தனிப் பீரங்கிப் பிரிவு உருவானது. 2000 ஏப்ரலில் ஆனையிறவு ராணுவத் தளம் விழுந்தபோது, குடாரப்பில் கடல்வழி தரையிறங்கி ராணுவத்தின் பின்புறத்தை அடைத்த பால்ராஜின் நடவடிக்கையை எதிரிகளும் வியந்தார்கள். மூன்றாம் தலைமுறையின் உச்சம் அது. அதைச் சாதித்தவர்கள் பள்ளிப் பருவத்தில் காட்டுக்குள் வந்து, இயக்கத்தையே குடும்பமாகவும் பள்ளியாகவும் கொண்டு வளர்ந்தவர்கள். போர் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். போரில்லாத அரசியல் எப்படி நடக்கும் என்பதைக் கற்றுக்கொள்ள வாய்ப்பே கிடைக்கவில்லை.

வாய்ப்பைக் கேட்டவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு மாத்தையா சாட்சி. துணைத் தலைவராகவும், 1989இல் தொடங்கப்பட்ட விடுதலைப் புலிகள் மக்கள் முன்னணி என்ற அரசியல் கட்சியின் தலைவராகவும் இருந்த அவர், இந்திய உளவுத்துறையோடு சேர்ந்து சதி செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு 1993இல் சிறைவைக்கப்பட்டு, 1994 இறுதியில் கொல்லப்பட்டார். அவரோடு இருந்தவர்கள் பலரும் கொல்லப்பட்டனர். குற்றச்சாட்டில் எவ்வளவு உண்மை என்பது ஒருபுறமிருக்க, தலைவருக்கு அடுத்த நிலையில் யாரும் தனிச் செல்வாக்கோடு வளர முடியாது என்ற பாடத்தை இளைய தளபதிகள் படித்துக்கொண்டார்கள்.

அந்தப் பாடத்தை மீறியவர் கிழக்குத் தளபதி கருணா. 2002 பிப்ரவரி 22 அன்று நோர்வே அனுசரணையில் கையெழுத்தான போர்நிறுத்தம், இரண்டு ஆண்டுகள் துப்பாக்கிகளை ஓயவைத்தது. ஓய்வில்தான் உள்ளே புகைந்தவை வெளியே தெரிந்தன. மட்டக்களப்பின் கிரானைச் சேர்ந்த கருணா 1983இல் சேர்ந்தவர். ராணுவத்தின் ஜெயசிக்குறு நடவடிக்கைக்கு எதிரான சமரில், வடக்கில் புலிகளின் தளமாக இருந்த வன்னியைக் காப்பதற்காகக் கிழக்கின் பிள்ளைகள் பெருமளவில் உயிர்கொடுத்திருக்க, நிதித்துறை, நீதித்துறை, காவல்துறை எல்லாம் வடக்கத்தியர் கையிலேயே இருக்கின்றன என்பது 2004 மார்ச்சில் அவர் வைத்த குற்றச்சாட்டு. நிதிமுறைகேட்டு விசாரணையிலிருந்து தப்பவே அவர் பிரிந்தார் என்றது வன்னித் தலைமை. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கக்கூடும். ஏப்ரலில் வெருகல் ஆற்றங்கரையில் நடந்த மோதலுக்குப் பின் கருணா தம் அணிகளைக் கலைத்தபோது, வீடு திரும்பியவர்களில் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் மிகப் பலர் என்பது அம்பலமானது. அவர்களில் சிலரை வன்னித் தலைமை மீண்டும் பிடித்துச் சென்றது. சிறுவர்களை விடுவிப்பதாக 2003இல் யுனிசெஃப் அமைப்போடு புலிகள் செய்துகொண்ட உடன்பாடு இருக்கும்போதே இது நடந்தது.

நான்காம் தலைமுறை இப்படித்தான் உருவானது. சமாதான காலத்தில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ–9 சாலை திறந்து, பிள்ளைகள் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் போய்வரத் தொடங்கியதும், தாமாக வந்து சேர்வோர் குறைந்தார்கள். 2006இல் மாவிலாற்றில் போர் மீண்டும் வெடித்தபின் ‘வீட்டுக்கு ஒருவர்’ என்ற விதி வன்னியில் கட்டாயமானது. 2008இல் ஒரே வீட்டிலிருந்து இரண்டாமவரும் கொண்டுசெல்லப்பட்டார். மகளைக் காப்பாற்ற அவசர அவசரமாகக் கல்யாணம் செய்துவைத்தவர்களும், மகனைக் கூரைக்கு அடியிலும் பதுங்குகுழியிலும் ஒளித்துவைத்தவர்களும் உண்டு. 1983இல் பெற்றோருக்குத் தெரியாமல் படகேறி இயக்கத்துக்குப் போனார்கள். 2008இல் பெற்றோரே பிள்ளைகளை இயக்கத்திடமிருந்து ஒளித்தார்கள். இருபத்தைந்து ஆண்டுகளில் ஓர் அமைப்புக்கும் அதன் மக்களுக்கும் இடையே எவ்வளவு தூரம் விழுந்துவிட்டது என்பதற்கு இதைவிட வேறு அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

சில வாரப் பயிற்சியோடு வந்த இவர்களைக் கொண்டுதான் மரபுவழிப் போரை நடத்த வேண்டியிருந்தது. இங்கே ஒரு தலைகீழ் மாற்றம் நிகழ்ந்தது. புலிகள் மண் அணைகளும் அகழிகளும் அமைத்து நிலத்தைக் காக்கும் ராணுவமாக நின்றார்கள்; இலங்கை ராணுவமோ எட்டுப் பேர் கொண்ட சிறு குழுக்களாகக் காட்டுக்குள் ஊடுருவியது, ஆழ ஊடுருவும் அணிகளை அனுப்பிக் கண்ணிவெடியில் தளபதிகளைக் கொன்றது. கடற்புலிகளின் கூட்டத் தாக்குதலைச் சமாளிக்க, கடற்படை அதேபோன்ற சிறு வேகப்படகுகளைக் கட்டி அதே முறையில் கூட்டமாக அனுப்பியது. 2007 செப்டம்பர், அக்டோபரில் நடுக்கடலில் ஆயுதக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. 2007 மார்ச்சில் சிறு விமானங்களால் கட்டுநாயக்காவைத் தாக்கியது உலகின் கவனத்தை ஈர்த்தாலும், போரின் போக்கை அது மாற்றவில்லை. கெரில்லாவின் பாடத்தை அரசு கற்றுக்கொண்டிருந்தது. மீண்டும் கெரில்லாவாக மாறக் கூடிய அனுபவசாலிகள் புலிகளிடம் எஞ்சியிருக்கவில்லை. நிர்வாகம், நீதிமன்றம், வங்கி, இறந்த போராளிகளைப் புதைக்கும் துயிலும் இல்லம் எல்லாம் வைத்திருந்த ஓர் அமைப்புக்கு அவற்றைக் கைவிட்டுக் காட்டுக்குள் திரும்ப மனமும் இருந்திராது.

2009 ஜனவரி 2 அன்று கிளிநொச்சி வீழ்ந்தபின், லட்சக்கணக்கான மக்கள் முல்லைத்தீவுக் கடற்கரையின் குறுகிய நிலத்துக்குள் ஒடுக்கப்பட்டார்கள். அரசு தானே அறிவித்த பாதுகாப்பு வலயங்கள் மீது குண்டு வீசியதையும், வெளியேற முயன்ற மக்களைப் புலிகள் தடுத்ததையும் சுட்டதையும் ஐ.நா. நிபுணர் குழு 2011இல் பதிவு செய்தது; இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கக்கூடும் என்றது. அந்த மாதங்களில் தமிழ்நாடு கொந்தளித்தால் டெல்லி தலையிடும் என்று வன்னித் தலைமை நம்பியது. ஜனவரி 29 அன்று போரை நிறுத்தக் கோரிச் சென்னையில் முத்துக்குமார் என்ற இளைஞர் தீக்குளித்தார், ராமேஸ்வரத்தில் மீனவர்கள் உட்படப் பலரும் போராடினார்கள், டெல்லி அசையவில்லை. அந்த நம்பிக்கை 1983இன் தமிழ்நாட்டை அறிந்திருந்த முதல் தலைமுறையின் நம்பிக்கை. 1991 அதை எவ்வளவு மாற்றிவிட்டது என்பதை எடுத்துச் சொல்லும் துணிவுள்ள யாரும் தலைவரைச் சுற்றி இருந்ததாகத் தெரியவில்லை. ஆலோசகராக இருந்த அன்ரன் பாலசிங்கம் 2006 டிசம்பரில் இறந்திருந்தார்.

2009 மே மாதம் போர் முடிந்தபோது சரணடைந்த சுமார் 12,000 பேர் அரசின் புனர்வாழ்வு முகாம்களுக்குச் சென்று திரும்பினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் 2015இல் ஜனநாயகப் போராளிகள் கட்சியைத் தொடங்கித் தேர்தலில் நின்றார்கள்; ஓர் இடமும் கிடைக்கவில்லை. இந்தியாவில் தடை 2024 மே மாதம் மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. 2022 மார்ச் முதல், பொருளாதார நெருக்கடியால் மன்னார், வவுனியாப் பகுதிகளிலிருந்து மீண்டும் குடும்பங்கள் தனுஷ்கோடி மணல்திட்டுகளில் வந்து இறங்கின. மண்டபம் முகாமில் 1990இல் வந்தவர்களின் பேரப்பிள்ளைகளோடு அவர்களும் தங்கவைக்கப்பட்டார்கள். பால்மாவும் அரிசியும் வாங்க முடியாமல் வந்தவர்கள் அவர்கள். அவர்களோடு வந்த சிறுவர்கள் 2009க்குப் பின் பிறந்தவர்கள்.

போருக்குப் பிந்தைய தலைமுறையின் போராட்டங்கள் வேறு வடிவம் கொண்டவை. காணாமல் ஆக்கப்பட்டோரைத் தேடும் தாய்மார் 2017 பிப்ரவரி முதல் கிளிநொச்சியில் சாலையோரம் அமர்ந்தார்கள். கேப்பாப்பிலவில் ராணுவத்திடமிருந்து நிலம் கேட்டு மக்கள் அமர்ந்தார்கள். மூன்றாவது ஒரு போராட்டம் நேரடியாக நம்மைப் பற்றியது. போர்க்காலத்தில் வடபகுதி மீனவர்கள் கடலுக்குப் போகத் தடை இருந்த ஆண்டுகளில், ராமேஸ்வரம், மண்டபம் விசைப்படகுகள் அவர்களுடைய கடலிலும் கடலடியை வாரி இழுக்கும் வலையான இழுவைமடி போட்டுப் பழகின. 2009க்குப் பின் அவர்கள் மீண்டும் வலை கட்டியபோது, இரவோடு இரவாக அந்த வலைகளை அறுத்துச் சென்றவை நம் படகுகள். யாழ்ப்பாணம், மன்னார் மீனவர் சங்கங்கள் தமிழக இழுவைப் படகுகளுக்கு எதிராக ஊர்வலம் போகின்றன; இழுவைமடியைத் தடைசெய்து இலங்கை நாடாளுமன்றம் 2017 ஜூலையில் சட்டம் இயற்றியது. பிடிபட்ட படகுகளை விடுவிக்கக் கோரி ராமேஸ்வரத்தில் வேலைநிறுத்தம் நடக்கும் நாளிலேயே, அவற்றை விடுவிக்கக் கூடாதென்று அக்கரைத் தமிழ் மீனவர்கள் கேட்கிறார்கள். முதல் தலைமுறைப் போராளிகள் இரவில் நம்பி வந்த கரையின் மீது இந்தத் தலைமுறைக்கு உள்ள முதல் கேள்வி, மடியை எப்போது நிறுத்துவீர்கள் என்பதுதான். தொப்புள்கொடி உறவு என்று மேடையில் முழங்குகிறவர்கள் எவரும் அதற்கு இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை.